வாரம் ஐந்து நாள் மீன் சாப்பிட்டும் டிரைகிளிசரைடு ஏன் ஏறுகிறது?

கேள்வி கேட்டவர் கடலூர் முதுநகரில் கடை வைத்திருக்கிறார். வயது 48, எடை 78 கிலோ. வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் மீன். சமீபத்துப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) 248 என்று வந்திருக்கிறது. "மீனையும் இறாலையும் முதலில் நிறுத்து" என்கிறாராம் மச்சான். ஜிம்முக்குப் போகும் மகனோ, "புரோட்டீன் பவுடர் குடிங்கப்பா" என்கிறான். மீனில் இருக்கிற புரதம் பருப்பு, முட்டை, ஆட்டுக்கறிப் புரதத்தைவிட உடம்பில் வேறு மாதிரி வேலை செய்கிறதா, அது நல்லதென்றால் எனக்கு ஏன் இப்படி ஆனது என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் புதுச்சேரியில் உணவு ஆலோசகராக வேலை பார்ப்பவள். கடலூர், பரங்கிப்பேட்டை, காலாப்பட்டு என்று கரையோரத்து ஆட்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மீனை நிறுத்தாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும் இரண்டு எண்களுக்கும் மீன் காரணமில்லை. ஆனால் "நான் தினமும் மீன்தானே சாப்பிடுகிறேன்" என்று நினைக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் தினமும் சாப்பிடுவது சோறு. மீன் அதற்குத் தொட்டுக்கொள்ளத்தான் வருகிறது.

நம் பக்கத்து மதியச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆளுக்கு 150 கிராம் அரிசி வடித்தால் அதில் மாவுச்சத்து மட்டும் சுமார் 115 கிராம். கூடவே கானாங்கத்தைக் குழம்பில் நடுத்தரத் துண்டு இரண்டு. முள்ளும் தோலும் போனால் சதை 60 கிராம் தேறும், அதில் புரதம் 12 கிராம் அளவுக்கு இருக்கும். காலையில் நாலு இட்லி, அதில் ஏழெட்டு கிராம். ராத்திரி தோசையும் மிச்சக் குழம்பும். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 கிராம் புரதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவு, கிலோவுக்கு 0.83 கிராம். வீட்டில் மீன் வாசனை இல்லாத நாளே கிடையாது என்று சொல்பவர்கள்கூட இந்த அளவைத் தொடாமல் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஐசிஎம்ஆரின் இந்தியாப் (INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்கில் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே இரண்டாவது இடம். இரண்டுமே கடற்கரை ஊர்கள், மீன் தின்னும் ஊர்கள் என்பதைக் கவனியுங்கள். அதே ஆய்வின் 2025 கட்டுரை, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சொன்னது. மொத்தக் கலோரியில் வெறும் 5 சதவீதம் அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றின் புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவாக இருக்கும் என்றும் கணக்கிட்டுக் காட்டியது. சோற்றின் இடத்துக்கு மீன் வர வேண்டும். சோறு அப்படியே இருக்க, மேலே ஒரு துண்டு கூட்டிக்கொள்வதால் பலன் இல்லை.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வயிற்று அமிலமும் பெப்சின் என்ற நொதியும் புரதத்தை உடைக்க ஆரம்பிக்கின்றன. சிறுகுடலில் கணைய நீர் அந்த வேலையை முடித்து அமினோ அமிலங்களாக்கி ரத்தத்துக்குள் அனுப்புகிறது. மீன் சதையில் இணைப்புத் திசு மிகவும் குறைவு. அதனால்தான் ஆட்டுக்கறிக்குக் குக்கரில் நாலைந்து விசில் விட வேண்டியிருக்கிறது, மீனோ கொதிக்கிற குழம்பில் போட்டுப் பத்து நிமிடத்தில் உதிர்கிறது. வயிற்றிலும் அப்படித்தான், சுலபமாகச் செரித்துவிடும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்குக் கிழங்கான் மீன் குழம்பு வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம்.

மாவுச்சத்து மிஞ்சினால் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகக் கொஞ்சம், கொழுப்பாக மீதி என்று உடம்பு எடுத்து வைத்துக்கொள்ளும். புரதத்துக்கு அப்படித் தனியாக ஒரு கிடங்கு கிடையாது. வந்த அமினோ அமிலங்களில் தேவையானதைத் தசை, நொதி, ஹார்மோன், எதிர்ப்புச் சக்திக்கான புரதங்கள் என்று கட்டிக்கொள்ளும். மிஞ்சியதில் இருக்கும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பும், மீதியை எரிபொருளாக்கும். இத்தனை வேலைக்கும் செலவு ஆகிறது. புரதத்தில் கிடைக்கும் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைக் கையாளுவதற்கே போய்விடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10 சதவீதம், கொழுப்புக்கு அதையும்விடக் குறைவு. இது மீனுக்கு மட்டும் உள்ள தனிச்சிறப்பு இல்லை. முட்டைக்கும் கறிக்கும் பருப்புக்கும் பொருந்தும்.

அப்புறம் தரம். உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவை எல்லாம் உணவிலிருந்துதான் வர வேண்டும், வேண்டிய அளவிலும் வர வேண்டும். கரைவலை இழுக்கும்போது ஒரு கயிற்றில் ஆள் குறைந்தால் மறு கயிற்றில் எத்தனை பேர் நின்றாலும் வலை ஒழுங்காகக் கரை சேராது. அதுபோல ஒன்று குறைந்தால் மற்ற எட்டும் முழுசாகப் பயன்படாது. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் உண்டு, மெத்தியோனின் குறைவு. மீனில் இரண்டும் தாராளம். ஆகவே சோற்றோடு சேரும் மீன் தன் புரதத்தைத் தருவதோடு, சோற்றில் இருக்கும் கொஞ்சப் புரதத்தையும் உடம்புக்கு உபயோகமாக்குகிறது. சாம்பார் சாதமும் இதே வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது. மீன் சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பருப்பு தண்ணீராக இல்லாமல் கெட்டியாக இருந்தால் போதும்.

உங்களுக்கு நேரடியாக உதவக்கூடிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. புரதம் குடலுக்குள் போனதும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். அது வயிறு காலியாவதைத் தாமதமாக்கும், இன்சுலினைச் சரியான நேரத்துக்கு வரவழைக்கும், போதும் என்ற உணர்வையும் தரும். 2016-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகளுக்கும் நோய் இல்லாதவர்களுக்கும் ஒரே சாப்பாட்டை வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் சோறு முதலில், மீன் பிறகு. இன்னொரு நாள் மீன் முதலில், சோறு பிறகு. மற்றொரு நாள் மீனுக்குப் பதில் மாட்டிறைச்சி. மீனோ இறைச்சியோ முதலில் போன நாளில் வயிறு மெதுவாகக் காலியானது, ஜிஎல்பி-1 கூடியது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையின் ஏற்றம் தணிந்தது. இறைச்சி முதலில் போன நாளில் ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனும் கூடுதலாக ஏறியது. கொழுப்பைச் சேர்த்து வைக்கத் துணைபோகிற ஹார்மோன் அது. அந்த அளவில் மீனுக்குக் கொஞ்சம் முன்னுரிமை கொடுக்கலாம்.

நாம் சாப்பிடும் முறையோ இதற்கு நேர் எதிர். குழம்பை ஊற்றிப் பிசைந்து முக்கால் தட்டுச் சோற்றை முடித்துவிட்டு, ஓரமாக ஒதுக்கி வைத்த தலைத் துண்டைக் கடைசியில் நிதானமாக முள் எடுத்துச் சாப்பிடுவோம். ருசிக்கு அது சரி. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவர் இதை மாற்றியே ஆக வேண்டும். முதலில் கீரையோ பொரியலோ ஒரு கிண்ணம், அதோடு மீன் துண்டுகளை முள் பார்த்துச் சாப்பிடுங்கள். சோற்றை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் சாப்பிட்டால் சோறு தானாகவே குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் உதவியோடு வாங்கிக்கொள்ளும் இடம் தசை. நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்தும் வயிறு முன்னால் தள்ளியும் இருப்பது சகஜம். எடை பார்த்தால் பெரிதாகத் தெரியாது, தசை குறைவு, கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு அதிகம். வயது ஐம்பதை நெருங்கும்போது தசை, கொஞ்சம் புரதத்துக்கெல்லாம் அசையாது. ஒரு வேளைக்கு 25, 30 கிராம் சேர்ந்து வந்தால்தான் வளர்ச்சி வேலை நன்றாக நடக்கும். லியூசின் என்ற அமினோ அமிலம்தான் அதைத் தூண்டுகிறது. மீனில் அது நிறைய. ஆனால் கடையில் கல்லாவில் உட்கார்ந்தே இருந்தால் எந்த மீனாலும் தசை வராது. காலையில் சில்வர் பீச் பக்கம் வேகமாக நடங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது உட்கார்ந்து எழும் பயிற்சியோ எடை தூக்குவதோ இருக்கட்டும்.

மீன் புரதத்துக்கென்று தனி குணம் உண்டா? உண்டு என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன, அவை சின்ன ஆய்வுகள். கனடாவின் கியூபெக்கில் 2007-ல் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத நிலை) உள்ள 19 பேருக்கு நான்கு வாரம் காட் மீன் புரதமும், இன்னொரு நான்கு வாரம் மற்ற விலங்குப் புரதங்களும் கொடுத்தார்கள். மீன் வாரங்களில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. நார்வேயில் 2015-ல் ஆரோக்கியமான 20 பேரை வைத்து அதேபோல மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அன்றாடப் புரதத்தில் 60 சதவீதம் கொழுப்புக் குறைந்த கடல் உணவிலிருந்து வந்தபோது டிரைகிளிசரைடு, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும், குறைந்தது. இரண்டிலும் மீன் எண்ணெய் அதிகம் இல்லாத வெள்ளைச் சதை மீன்தான் முக்கியம். ஆக மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு மட்டும் காரணமில்லை, புரதத்துக்கும் கடல் உணவில் இருக்கும் டாரின் போன்றவற்றுக்கும் பங்கு இருக்கலாம். அதே நேரம், பெரிய கூட்டங்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் மீனுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆசியாவில் பலன் தெரிகிறது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்படித் தெரியவில்லை. எதனோடு சாப்பிடுகிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்பது இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்பது என் எண்ணம்.

ஒமேகா-3 பற்றி நிச்சயமாகச் சொல்லலாம். மீனில் இருக்கும் ஒமேகா-3 வகைகளான இபிஏ, டிஎச்ஏ இரண்டும் கல்லீரல் டிரைகிளிசரைடைப் பொதிந்து ரத்தத்தில் விடுவதைக் குறைக்கின்றன. மருந்து அளவுக்கு அது குறைய ஒரு நாளைக்கு 2 முதல் 4 கிராம் தேவை, சாப்பாட்டில் அவ்வளவு எடுப்பது கஷ்டம். வாரம் இரண்டு மூன்று தடவை எண்ணெய்ச் சத்துள்ள மீன் சாப்பிடுவது இதயத்துக்கு நல்லது என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அந்த மீன்கள் எவை? மத்தி, கவலை, கானாங்கத்தை, நெத்திலி. கூடைக்காரம்மா கூறு போட்டு விற்கும் மலிவான மீன்கள். விருந்தாளி வந்தால் வஞ்சிரமும் வவ்வாலும் வாங்குவோம், மத்தியை வாங்க யோசிப்போம். வஞ்சிரம் நல்ல மீன்தான். ஆனால் அந்தக் காசுக்கு மூன்று நாலு மடங்கு மத்தி வரும், அதில் ஒமேகா-3 கூடுதல், நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும்.

சமையலுக்கு வருவோம். நம் மண்சட்டிக் குழம்பு அருமையான முறை. மீன் நாள்பட நாள்பட அதிலிருக்கும் ஒரு பொருள் டிரைமெத்திலமைன் என்ற காரப்பொருளாக உடைகிறது, கவுச்சி வாசனை அதனால் வருவதுதான். புளியின் அமிலம் அதைப் பிடித்து ஆவியாகாமல் கட்டிவிடுகிறது. ஆய்ந்த மீனை உப்பும் மஞ்சளும் புளித்தண்ணீரும் விட்டு அலசுவதும் இதற்காகவே. சூடும் மிதமாக இருப்பதால் நல்ல கொழுப்பு பெரிதாகக் கெடாது, வெளியே கசிந்தாலும் குழம்போடுதான் இருக்கும். வறுவல் அப்படி இல்லை. அமெரிக்காவில் முதியவர்களைப் பின்தொடர்ந்து 2003-ல் வந்த ஓர் ஆய்வில், சுட்ட மீன் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் மரணம் குறைவாக இருந்தது. பொரித்த மீன் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தோசைக்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வாட்டினால் தவறில்லை. நேற்றுப் பொரித்த எண்ணெயில் இன்றும் பொரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மச்சானின் இறால் பயத்துக்குப் பதில்: இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம்தான். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகவும் குறைவு, உணவுக் கொலஸ்ட்ரால் ஏறினால் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும். 1996-ல் ஓர் ஆய்வில் தினமும் 300 கிராம் இறால் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 7 சதவீதம் ஏறியது, நல்ல கொழுப்பான எச்டிஎல் 12 சதவீதம் ஏறியது, டிரைகிளிசரைடு 13 சதவீதம் இறங்கியது. நம் வீட்டில் யாரும் தினமும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. வாரம் ஒரு நாள் இறால் தொக்கு உங்களுக்குக் கெடுதல் செய்யாது, எண்ணெய் மிதக்காமல் இருந்தால்.

பிறகு உங்கள் 248 எங்கிருந்து வந்தது? மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. கடையில் உட்கார்ந்து நாலு வேளை குடிக்கும் சர்க்கரை போட்ட டீ, சாயங்கால பஜ்ஜி, ராத்திரி பரோட்டா எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பக்கம் இதைக் கேட்காமல் விட முடியாது: குடிப்பழக்கம் இருந்தால் டிரைகிளிசரைடை ஏற்றுவதில் அதற்கு இணை இல்லை. கல்லீரல் மதுவைக் கவனிக்கும் நேரத்தில் கொழுப்பை எரிக்கும் வேலை குறைந்துவிடும். பக்கத்தில் வறுத்த மீன் இருந்தது என்பதற்காகப் பழியை மீன்மேல் போடக்கூடாது. மது இல்லை என்றால் டீயும் சோறும்தான்.

மீனில் எச்சரிக்கை வேண்டிய இடங்களும் உண்டு. யூரிக் அமிலம் ஏறியவர்கள், கால் கட்டைவிரல் மூட்டு வீங்கி வலித்த அனுபவம் உள்ளவர்கள் நெத்திலி, மத்தி, இறாலை அளவாக வைக்க வேண்டும், இவற்றில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகம். 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருடம் பார்த்த 2004 அமெரிக்க ஆய்வு, இறைச்சியும் கடல் உணவும் கவுட் என்ற அந்த மூட்டு வீக்க நோயின் ஆபத்தைக் கூட்டுவதையும் பால் பொருட்கள் குறைப்பதையும் காட்டியது. அடுத்தது கருவாடு. புரதச் செறிவு மீனைவிட அதிகம், உப்பும் அப்படியே. ரத்த அழுத்தம் இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டு, அந்தக் குழம்புக்கு உப்பே போடாதீர்கள். பெரிய சுறா மாதிரி மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன்களில் பாதரசம் சேரும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம். சின்னச் சுறாவாக எப்போதாவது ஒரு நாள் இருக்கட்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் அன்றாடத்துக்குச் சின்ன மீன்களே நல்லது.

மகன் சொன்ன பவுடர்: மோர்த்தெளிவிலிருந்து எடுக்கும் வே புரதம் நல்ல புரதம், சீக்கிரம் செரிக்கும். ஆனால் மீனோடு வரும் பி12, அயோடின், செலினியம், ஒமேகா-3 அதில் அப்படிக் கிடைக்காது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. மகன் எடை தூக்குகிறான் என்றால் அவன் குடிக்கட்டும்.

செவ்வாய், வெள்ளி, அமாவாசை, புரட்டாசி என்று கவுச்சி ஒதுக்கும் நாட்கள் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை ஏறும், ஐஸ் மீன்தான் அதிகம் வரும். அந்த நாட்களில் பலர் ரசமும் அப்பளமும் என்று இறங்கிவிடுகிறார்கள், சோறு இன்னும் கூடிவிடுகிறது. கொண்டைக்கடலைச் சுண்டல், கெட்டிப் பருப்பு, பச்சைப்பயறு, தயிர், முடிந்தால் முட்டை என்று ஏதாவது இரண்டு தட்டில் இருக்கட்டும்.

உங்கள் மதியத் தட்டு இப்படி இருந்தால் போதும்: அரிசி 75 கிராம், காய் அல்லது கீரை தாராளமாக ஒரு கிண்ணம், முள் நீங்கலாக 150 கிராம் மீன். அந்த ஒரு வேளையிலேயே மீனிலிருந்து மட்டும் 30 கிராம் புரதம் வந்துவிடும், மாவுச்சத்தில் பாதி குறைந்துவிடும். காலையில் இட்லியில் ஒன்றைக் குறைத்து இரண்டு முட்டை சேருங்கள். இதைத் தொடங்கும் முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் யூரிக் அமிலமும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சிறுநீரகத்தில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் புரத அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டிரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும். எச்பிஏ1சி அப்படி இல்லை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் மாற்றம் சரியாகத் தெரியும். டிரைகிளிசரைடுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள், முந்தின நாள் இரவு விருந்து எதுவும் வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.